உருக்குச் சட்டமும் மலைப் பாதையும்

கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்து மலைச் சாரல்களிலே, 1970ஆம் ஆண்டுகளில் இளைஞர் சிலர் பழைய உருக்குத் துவிச்சக்கர வண்டிகளில் ஏறி இறங்கி விளையாடினர். 1976இல் தொடங்கிய இறக்கப் போட்டி ஒன்றுக்கு ‘ரீபக்’ என்று பெயர் வந்தது. இறங்கும்போது பின்சில்லின் தடுப்பு சூடேறி, உள்ளிருந்த கிறீஸ் புகைந்துபோகும். மறுபடியும் கிறீஸ் அடைத்தாலன்றி வண்டி நில்லாது. பெயரின் காரணம் அதுவே. 1977இல் ஜோ பிறீஸ் என்பவர் குரோமியமும் மொலிப்தினமும் கலந்த உருக்குக் குழாய்களால் மலைக்கென்றே ஒரு சட்டம் செய்தார்.

இன்று அலுமினியச் சட்டங்கள் மலிந்துவிட்டன. ஆயினும், பின்புறத்தில் வில் இல்லாத, விலை குறைந்த உருக்குச் சட்டத்தை விரும்புவோர் உளர். உருக்கு நெகிழ்ந்து கொடுப்பதால் முதுகு நோகாது என்பர். இது பாதி உண்மை. கல்லின் அதிர்ச்சியைப் பெரிதும் விழுங்குவது பருத்த ரயரும் அதில் அளவாய் அடைத்த காற்றுமே. மற்றொரு வில் ஓட்டுபவரின் கால்கள். இறக்கத்தில் இருக்கையைத் தாழ்த்தி, மிதிகட்டைகளைச் சமமாக நிறுத்தி, முழங்காலை மடித்து எழுந்து நிற்பவருக்கே அவ்வண்டி இணங்கும். அமர்ந்திருப்பவரை அது தூக்கி எறியும்.

உருக்கின் உண்மையான சிறப்பு வேறு. ஓரளவுக்கு உட்பட்ட அதிர்வை அது எத்தனை முறையும் தாங்கும்; அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. வெடித்தாலும், கைதேர்ந்த ஒட்டு வேலைக்காரர் பொருத்திவிடுவார். பகை துருவே. அது குழாயின் உள்ளிருந்து அரிப்பதால் வெளிப்பூச்சைக் கண்டு ஏமாறலாகாது. மழையில் ஓடியபின் இருக்கைத் தண்டைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி நீரை வடித்தல் வேண்டும்.