மேரி சூ யார்?

கதாநாயகி எல்லாத்திலயும் கெட்டிக்காரியா இருந்தா, ‘மேரி சூ’ன்னு ஒரே வார்த்தையில தள்ளிடறாங்க இல்லையா? அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு பார்ப்போம்.

‘ஸ்டார் ட்ரெக்’ 1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த தொடர். மொத்தம் 79 எபிசோடுகள். அது ஓடிக்கொண்டிருந்தபோதே, 1967-ல், ‘ஸ்பாக்கனேலியா’ என்ற ரசிகர் பத்திரிகை வந்துவிட்டது. தொடர் நின்ற பிறகு இத்தகைய பத்திரிகைகள் பெருகின. வீட்டில் டைப் அடித்து, சைக்ளோஸ்டைல் எடுத்து, தபாலில் அனுப்புவார்கள். எழுதியதும் நடத்தியதும் பெரும்பாலும் பெண்கள்.

வந்த கதைகள்ல பலதும் ஒரே அச்சு. ஒரு சின்னப் பொண்ணு கப்பல்ல சேருவா, எல்லாரையும் மிஞ்சிடுவா, கேப்டன் கர்க் மயங்கிடுவார். ‘மெனாஜரி’ பத்திரிகையின் ஆசிரியர்களில் ஒருவரான பவுலா ஸ்மித், 1973-ல இதைக் கிண்டல் பண்ணி ஒரு குட்டிக்கதை எழுதினாங்க. நாயகி லெப்டினன்ட் மேரி சூ, வயசு 15½. கடைசியில எல்லாரும் அழ அழ செத்துப்போறா.

கவனிங்க, இது ஒரு பெண் ஆசிரியர் தன் கூட்டத்துக்குள்ளயே வச்ச விமர்சனம். திறமையான பெண் கதையில வரக்கூடாதுன்னு அதுக்கு அர்த்தமில்லை. அவ கெட்டிக்காரியாங்கறது கேள்வியே இல்லை. மத்த பாத்திரங்கள் அவளைப் புகழறதுக்கு மட்டும்தான் இருக்காங்களாங்கறதுதான் கேள்வி.