டயர் போட்டுக்கொள்ளும் வளையல்

“நாற்பது டன் லாரி பனியில் எப்படி வழுக்கும்? எடை கூடினால் பிடிமானமும் கூடத்தானே வேண்டும்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கூடத்தான் செய்கிறது. ஆனால் போதவில்லை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலை ராக்கி மலைத்தொடரைக் கடக்கும் இடம் ஐசனோவர் சுரங்கம். உயரம் ஏறக்குறைய 3,400 மீட்டர். அதை நோக்கி ஏறும் சாலையின் சரிவு 7 சதவீதம் வரை போகிறது. 36 டன் டிரெய்லர் லாரி அங்கே ஏற, சுமார் 2.5 டன் இழுவிசை வேண்டும். எஞ்சின் சுழற்றும் சக்கரங்களின் மேல் உட்காருவதோ 15 டன்தான்; மீதியை முன்சக்கரங்களும் டிரெய்லரும் தாங்குகின்றன. வழவழப்பான உறைபனியில் ரப்பருக்குக் கிடைப்பது எடையில் பத்தில் ஒரு பங்கு பிடிமானம் என்று வைத்தால் 1.5 டன். ஒரு டன் துண்டு விழுகிறது. சரக்கைக் கூட்டினால் இழுக்க வேண்டிய சுமையும் சேர்ந்து கூடிவிடும்.

அதனால்தான் செப்டம்பர் முதல் மே வரை அந்த மலைப்பகுதியில் லாரிகள் சங்கிலியை எடுத்துச் செல்லாமல் போகக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. டயர் தன்மேல் வரும் எடையை அகலமாகப் பரப்பி வைக்கிறது. சங்கிலியோ அதைச் சில இரும்புக் கண்ணிகளின் முனையில் குவிக்கிறது. கண்ணி பனியைக் கடித்து இறங்குகிறது. இதுவரை எளிது.

வியப்பு அடுத்ததில் இருக்கிறது. நல்ல சங்கிலி டயரோடு ஒட்டிக் கிடக்காது, சற்றே தளர்ந்திருக்கும். ஒரு பென்சிலில் வளையலைத் தொங்கவிட்டு, பென்சிலை உருட்டிப் பாருங்கள். பென்சில் பல சுற்று சுற்றினால்தான் வளையல் ஒரு சுற்று வரும், ஏனென்றால் அதன் சுற்றளவு பெரிது. டயருக்கும் சங்கிலிக்கும் இதே உறவுதான், வித்தியாசம் மட்டும் மிகச் சிறியது. டயரின் சுற்றளவு 330 சென்டிமீட்டர், சங்கிலி 333 என்று கொள்வோம். ஒவ்வொரு சுற்றுக்கும் சங்கிலி 3 சென்டிமீட்டர் பின்தங்கும்; 111 சுற்றில், அதாவது முந்நூற்று எழுபது மீட்டர் ஓடுவதற்குள், டயரை ஒரு முழு வலம் வந்துவிடும். இந்த மெல்லிய நகர்வால் கண்ணி ஒரே இடத்து ரப்பரை அறுப்பதில்லை; இடுக்கில் அப்பிய பனியும் உதிர்கிறது. வளையல் அதிகம் பெருத்தால் கையை விட்டுக் கழலும். சங்கிலி அப்படித் தளர்ந்தால் கழன்று மட்கார்டையும் பிரேக் குழாயையும் அடித்து நொறுக்கும்.

வரலாறு என்றால், நியூயார்க் மாநிலத்தின் ஹாரி வீட் 1904-ல் டயர் சங்கிலிக்குக் காப்புரிமை வாங்கினார். டயரில் கயிறு சுற்றிக்கொண்டு போனவர்களைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். அவ்வளவு போதும்.

‘சில நொடிகளில் தயார்’ என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். இரட்டை டயருக்கான மூன்று வடச் சங்கிலியைத் தூக்கவே இடுப்பு வலிக்கும். முறுக்கில்லாமல் தரையில் விரித்து, கொக்கி முனைகள் வெளிப்பக்கம் பார்க்க டயர்மேல் போர்த்தி, உட்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, பிறகு வெளிப்பக்கத்தை இழுத்துக் கட்டி, இறுக்குச்சாவியால் திருக வேண்டும். கையுறை நனைந்திருக்கும், விரல் மரத்திருக்கும். சுவிட்சைத் தட்டினால் அச்சின் அடியிலிருந்து சங்கிலித் துண்டுகளை டயருக்கடியில் வீசும் கருவியும் உண்டு. மெல்லிய பனிக்கு அது நன்று. பனி ஆழமானால் அந்தத் துண்டுகள் விரியவே இடமிருக்காது. எந்தச் சங்கிலியானாலும் மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பனியில்லாத தாரில் ஓட்டினால் சங்கிலியும் தேயும், சாலையும் தேயும்.

சிறிது தூரம் ஓடியதும் கண்ணிகள் தம் இடத்தில் படிந்து, கட்டியபோது இருந்ததைவிடத் தளரும். மறுபடி இறங்கி இறுக்குவது வேலையின் பாதி. குளிர்காலத்தில் காஷ்மீரின் குல்மார்க் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சங்கிலி கட்டிய டாக்ஸியை ஓட்டுநர் ஒரு கிலோமீட்டரிலேயே நிறுத்தி இறங்கினால், அவரை அவசரப்படுத்தாதீர்கள்.