தொட்டி மிதவையும் செல்லுக்குள் ஒரு பற்று நோட்டும்

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டிக்காரர்களுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே வீட்டுத் தொட்டி வழியாமல் காப்பது ஒரு சின்ன மிதவை. நீர் ஏறினால் வால்வை மூடும், இறங்கினால் திறக்கும். இப்படி விளைவைப் பார்த்து வேலையைத் திருத்துவதைப் பொறியாளர்கள் 'பின்னூட்டம்' என்பார்கள். புரதம் தயாரிக்கும் செல்லுக்குள்ளும் இதே வித்தை நடக்கிறது.

புரதத் தயாரிப்புக் கூடம் ரைபோசோம். அதன் அமைப்பைக் கண்டறிந்ததற்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஈ.கோலை பாக்டீரியாவில் ரைபோசோமைக் கட்டும் புரதங்கள் மிகுந்துபோனால், அவற்றில் சில தம்மைத் தயாரிக்கும் ஆர்.என்.ஏ. மீதே போய் ஒட்டிக்கொண்டு உற்பத்தியை நிறுத்திவிடும். அசல் மிதவைதான்!

ஆனால் மிதவைக்கு ஒரு குறை உண்டு. விருந்தாளிகள் வந்து தண்ணீர் விடாமல் செலவானால், வால்வு திறந்திருக்க வேண்டும்; அதற்கு நீர்மட்டம் சற்று இறங்கியே நிற்கும். பழைய மட்டத்துக்கே திரும்ப வேண்டுமென்றால், குறைந்ததையெல்லாம் கணக்கு வைக்க வேண்டும். மளிகைக்கடை பற்று நோட்டு மாதிரி. பாக்கி தீரும்வரை அண்ணாச்சி விடமாட்டார். இதற்குப் பெயர் தொகையீட்டுக் கட்டுப்பாடு.

சுவிட்சர்லாந்தின் பாசலில் முஸ்தபா கம்மாஷ் குழு 2019-ல் இந்த நோட்டை ஈ.கோலைக்குள்ளேயே வைத்தது. ஒரு மூலக்கூறு புரத உற்பத்தியை முடுக்கும். உருவான புரதம் இன்னொரு மூலக்கூறை உண்டாக்கும். இரண்டும் சந்தித்தால் இரண்டுமே செயலிழக்கும். மிஞ்சுவதுதான் பாக்கிக் கணக்கு. புரதத்தை வேண்டுமென்றே சிதைத்துப் பார்த்தபோதும் அதன் அளவு நிலைத்து நின்றது.

எந்தெந்த அமைப்புகள் இப்படிப் பழைய நிலைக்குத் திரும்பும்? 2009-ல் அமெரிக்க, சீன ஆய்வாளர்கள் மூன்று கணுக்கள் கொண்ட 16,038 வலையமைப்புகளைக் கணினியில் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் பிரியன் பட்டாச்சார்யா, கார்த்திக் ராமன், அருண் தங்கிராலா வேறு வழியில் போனார்கள். கட்டுப்பாட்டுப் பொறியியலின் கணிதத்தை எடுத்து, வலையமைப்பு எவ்வளவு பெரியதானாலும் எதிர்ப் பின்னூட்டமோ, ஒன்றையொன்று ஈடுசெய்யும் இரண்டு முன்னோட்டப் பாதைகளோ இல்லாமல் முடியாது என்று 2022-ல் வெளியிட்டார்கள். தேடிக் களைப்பதைவிட இது எவ்வளவோ மேல்!

சர்க்கரை நோயாளிகளுக்கான இன்சுலினை பாக்டீரியாவும் ஈஸ்ட்டும்தான் தயாரித்துத் தருகின்றன. சூடோ உணவோ மாறினாலும் இத்தகைய செல்கள் தடுமாறக் கூடாது. ஆனால், இந்தக் கட்டுப்பாட்டு மூலக்கூறுகளையும் அதே ரைபோசோம்கள்தான் செய்தாக வேண்டும். காவலுக்கு ஆள் கூடக் கூட, செல்லின் வளர்ச்சி குறையும். அந்தச் செலவைக் குறைப்பதுதான் இப்போதைய பாடு.