பட்டணத்துப் பெண்... வயல்காட்டு மருமகள்!

"ஏம்மா மருமவளே, இன்னிக்கு என்ன கொழம்பு?"

காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போதே இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்காமல் எங்கள் தெருவில் ஒருவரும் என்னைத் தாண்டிப் போக மாட்டார்கள். வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். நம் வீட்டுக் குழம்பைப் பற்றி இவர்களுக்கு என்ன வந்தது? நான் பிறந்து வளர்ந்த மாம்பலத்தில் எதிர் வீட்டு அம்மாளின் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. இங்கேயோ, நான் தலைக்கு எண்ணெய் வைத்தேனா, பிள்ளைக்கு இருமல் நின்றதா என்பது வரை எல்லாருக்கும் கணக்கு!

மன்னார்குடியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். 2016-ம் வருஷம் ஜூன் மாதம் இங்கே வந்தேன். மாமனார் படுக்கையில் விழுந்துவிட்டார். ஒரே பிள்ளையான என் கணவர் சென்னை வேலையை விட்டுவிட்டு நிலத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். ஐந்து வயதுப் பெண், எட்டு மாதக் கைக்குழந்தை, அட்டைப் பெட்டிகள், இவற்றோடு நான். "ஆறு மாசம் பார்ப்போம். சரிப்படவில்லை என்றால் திரும்பிவிட வேண்டும்" என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வண்டியில் ஏறினேன்.

நான் வந்த வேளையோ என்னவோ, ஆற்றில் தண்ணீர் இல்லை. ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தால்தான் டெல்டாவில் குறுவை. அந்த வருஷம் செப்டம்பர் 20-ந்தேதிதான் திறந்தார்கள், அதுவும் சம்பாவுக்கு. பின்னால் வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றிவிட்டது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசாங்கமே அறிவித்தது. எங்கள் வயலில் பயிர் முழங்கால் உயரத்தில் நின்றபடியே காய்ந்தது. பொங்கலுக்கு அரிசி கடையில் வாங்கினோம். நெல் விளைகிற வீட்டில்!

தெருவில் யாரோ, "மருமவ வந்த ராசி..." என்று இழுத்திருக்கிறார்கள். என் மாமியார் விடவில்லை. "ஏன்டீ, இதுக்கு முன்னால நாலு வருஷமாவும் குறுவைக்குத் தண்ணி வரல. அப்ப எம் மருமவ மெட்ராஸ்ல இருந்தா. அங்கேருந்தே மேட்டூர அடைச்சுட்டாளா?" என்றாராம். எனக்கு முகம் கொடுத்து அதிகம் பேசாதவர் அவர். அன்றைக்குத்தான் முதல்முதலாக "அத்தை" என்று வாய் நிறையக் கூப்பிட்டேன்.

மாதச் சம்பளத்தில் பழகியவர்களுக்கு விவசாய வீட்டின் பண வரத்து சீக்கிரம் பிடிபடாது. பணம் வந்தால் அறுவடைக்கு வரும், மற்ற நாளெல்லாம் போகும். உழவு, விதை, நடவு, உரம், களை என்று வரிசையாகப் போகும். கையில் நாலு காசு இருக்கும்போதே வருஷத்து மிளகாய், புளி, பருப்பு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். முதல் வருஷம் இது தெரியாமல் மாதாமாதம் மளிகைச் சீட்டு எழுதினேன். அத்தை வாங்கிப் பார்த்து, சிரிக்காமல், "இதுக்குப் பணம் எந்த மாசம் வரும்?" என்று கேட்டார். என் வளையல்கள் அடகுக்குப் போனதும் அந்த வருஷந்தான்.

அந்தக் குழம்பு விசாரணையின் பொருளும் அப்போதுதான் விளங்கியது. ஒருநாள் அலுப்பில், "இன்னிக்கு ரசம் மட்டுந்தான் பெரியம்மா" என்று சொல்லிவிட்டேன். கால் மணியில் ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியல் வந்துவிட்டது. இன்னொரு வீட்டிலிருந்து இரண்டு முருங்கைக்காய். வீட்டில் சாமான் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் மனசு சங்கடப்படும் அல்லவா? அதனால்தான் குழம்பைக் கேட்கிறார்கள். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பதையும் அன்றே கற்றுக்கொண்டேன். ஒரு பிடி வெந்தயமாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கஷ்டம் எல்லாவற்றையும் மறைத்து, கிராமம் சொர்க்கம் என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. கொசு உண்டு. பஸ் தப்பினால் அரை நாள் போச்சு. தெருவுக்குத் தெரு ஜாதி பார்ப்பதும் உண்டு. நடவுக்கு வரும் பெண்களுக்குக் கொல்லைப்புறம் தனி டம்ளரில் டீ கொடுப்பதை வந்த புதிதில் பார்த்தேன். நான் டீ எடுத்துப்போன நாளில் எங்கள் வீட்டு டம்ளர்களையே தூக்கில் போட்டுக்கொண்டு போனேன். அத்தை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தனி டம்ளர் இல்லை. மற்ற வீடுகளுக்காக நான் பேச முடியாது.

அந்த நடவுப் பெண்களில் ஒருத்திக்கு நடந்ததை இளம் தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2017 ஆகஸ்டில் ஒரு நாள், விடிய இன்னும் நேரம் இருந்தது. "வயிறு வலிக்குதுங்குறா, தண்ணி முழுங்க முடியல" என்று அவள் புருஷன் ஓடி வந்தான். ராத்திரி தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் கஷாயத்துக்கு இஞ்சி தேடினோம். அத்தை மட்டும் டார்ச்சை அவள் முகத்தில் அடித்துப் பார்த்தார். "இமை சொக்குது பாரு. தரையில படுத்திருந்தியா? இது கட்டுவிரியன்" என்றார். உடம்பில் கடித்த தடமே தெரியவில்லை. யாரோ மந்திரிக்கிறவரைக் கூப்பிடச் சொன்னார்கள். "அவர வேணும்னா ஆஸ்பத்திரிக்கு வந்து மந்திரிக்கச் சொல்லு. நீ 108-க்குப் போன் போடு" என்றார் அத்தை என்னிடம். அரசாங்க ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாள் செயற்கை சுவாசம். பிழைத்துவிட்டாள்.

கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கும். வலியும் வீக்கமும் இராது, தூக்கமே கலையாமல் போகலாம். பிறகு வயிற்று வலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் என்று வரும். எந்தப் பாம்பு கடித்தாலும் கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கீறவோ உறிஞ்சவோ கூடாது. வளையல், மோதிரம், மெட்டி இவற்றைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்தவர்களை வைத்திருப்பதுபோல் அந்தக் கை காலை அசைக்காமல் வைத்து, உடனே கொண்டு போக வேண்டும். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். அந்த மருந்து செய்யத் தேவையான விஷம், சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவர்களை நினைத்துக் கை கூப்பத் தோன்றியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குழந்தைகளுக்குக் கட்டில். கொசுவலையைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகிவிடுவேன். வலை கொசுவை மட்டுமல்ல, பாம்பையும் தடுக்கும். இருட்டில் கொல்லைக்குப் போனால் கையில் டார்ச். விறகு வீட்டை ஒட்டி இருக்கக்கூடாது. சிந்திய நெல்லை அன்றன்றே கூட்டி அள்ளிவிட வேண்டும். நெல் இருந்தால் எலி வரும், எலி வந்தால் பின்னாலேயே அது வரும்! பூச்சிமருந்து டப்பா குழந்தைக்கு எட்டாத இடத்தில், பூட்டுப் போட்டு. காலி டப்பாவில் எண்ணெய் ஊற்றி வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

இனி சந்தோஷமான சமாசாரத்துக்கு வருகிறேன். 2018 ஜூலை 19-ந்தேதி மேட்டூரைத் திறந்தார்கள். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம். அங்கேதான் வெண்ணாறிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. "மூணாறு தலைப்புக்கு வந்துடுச்சாம்" என்று செய்தி வந்ததும் ஊரே ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. தண்ணீர் ஆர்ப்பாட்டமாக வரும் என்று நினைத்தேன். இல்லை. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, பாம்பு ஊர்வதுபோல் மெதுவாக வந்தது. வெடித்த தரை 'சொர்ர்' என்று சத்தம் போட்டுக் குடித்தது. கிழவிகள் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் பையன் மண்ணாங்கட்டியை விட்டெறிந்து குதித்தான். நான் ஏன் அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த வருஷந்தான் விவசாயக் கணக்கெல்லாம் எனக்கு வாயில் வந்தது. மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். குறுவைக்கு நூற்றுப்பத்து நாள் ரகம், சம்பாவுக்கு ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கிற ரகம். வரப்பில் பொன்னாங்கண்ணி, வல்லாரை, கரிசலாங்கண்ணி என்று கீரையை இனம் பிரிக்கவும் பழகினேன். மருந்து அடித்த வயலின் வரப்பில் மட்டும் கை வைப்பதில்லை. சளி பிடித்தால் வயல் நண்டு ரசம். முதல் தடவை நண்டைப் பார்த்து நான் அலறியது இன்னமும் தெருவில் சிரிப்புக்கு உதவுகிறது.

சம்பா பயிர் தலைநிமிர்ந்து நின்ற சமயம், நவம்பர் 16-ந்தேதி விடியற்காலையில் கஜா புயல்!

அந்தக் காற்றின் சத்தத்தை எழுத என்னால் ஆகாது. விடிந்தபோது கொல்லைத் தென்னைகள் எட்டில் ஒன்றுதான் நின்றது. மாட்டுக் கொட்டகையின் ஓடுகளைக் காணோம். மின்சாரம் இல்லை, போன் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்து தெருத் தெருவாகத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். "கண்ணைக் கரிக்கிறது" என்று நான் மூலையில் தள்ளி வைத்திருந்த விறகு அடுப்பை அத்தை திரும்ப மூட்டினார். வீட்டை இழந்த இரண்டு குடும்பத்தையும் சேர்த்துப் பதினான்கு பேருக்கு அதில்தான் பொங்கினோம். விழுந்த மரத்து இளநீரைக் குழந்தைகளுக்குக் கொடுத்தோம். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் யார் வாயிலும் ஊற்றவிடவில்லை. அதில் நான் ஹிட்லராகவே இருந்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்ததும், கைவசம் வைத்திருந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் ஆறிய நீரில் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். தேறிவிட்டது.

ஐந்தாம் நாள் என் அண்ணன் கார் எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து வந்துவிட்டான். வாசலில் கிடந்த மரத்தைத் தாண்டி வந்தவன், "கிளம்பு. குழந்தைகளோட துணியை மட்டும் எடு. ஆறு மாசம்னுதானே வந்தே?" என்றான். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியம் செய்தவர் ஆயிற்றே! அத்தை அடுப்பங்கரையில் இருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கோ உலையில் அரிசி கொதிக்கிறது. அதை யார் வடிப்பது? "நீ சாப்பிட்டுட்டுப் போண்ணா. நாங்க பொங்கல் கழிச்சு வரோம்" என்றேன். அண்ணன் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, காரில் இருந்த மெழுகுவர்த்தி, பால்பவுடர், பிஸ்கட் எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டுப் போனான். பொங்கல் கழிந்து சென்னைக்குப் போனதும் உண்மைதான், பத்து நாளில் திரும்பிவிட்டேன். உளுந்துச் செடிக்குக் களை எடுக்க ஆள் சொல்லியிருந்தது.

உளுந்து என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்துக்கொண்டு போன பிறகு பார்த்தால் தாளுக்கு நடுவில் இரண்டு இலை விட்டு நிற்கும். தனியாக உழவில்லை, தண்ணீர் கட்டுவதில்லை. பனியிலேயே விளைந்துவிடும். என் பெண் பெரியவளானபோது அத்தை இந்த உளுந்தைத்தான் வறுத்து அரைத்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் களி கிண்டிக் கொடுத்தார். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு தின்றாள்.

தெளிக்கும்போது ஒரே சீராகக் கை வீச வேண்டும். நான் வீசினால் ஓரிடத்தில் கும்பலாக விழுகிறது, ஓரிடத்தில் மொட்டையாகி விடுகிறது. ஒவ்வொரு தையிலும் அத்தை வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "மெட்ராஸ்காரி வெதச்ச மூலை எதுன்னு மொளச்சதும் தெரியும்" என்கிறார். இந்த வருஷமும் அப்படித்தான் தெரிந்தது.