அப்பா சென்னை, பிள்ளை பெங்களூர்!

தாய் வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் பந்தயம் வைத்தால் மருமகள் யார் பக்கம் நிற்பாள்? கர்நாடகத்தில் வாழும் தமிழர்களுக்கு 2018 மார்ச் 17-ந் தேதி அந்தச் சங்கடம் வந்தது. இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் சென்னையின் எப்.சி.யும் பெங்களூர் எப்.சி.யும் மோதின. ஆட்டம் நடந்த இடம், பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியம்.

காலமும் சரியில்லை. காவிரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தமிழ்நாட்டின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது. 2016 செப்டம்பர் கலவரத்தில் தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிந்ததை யாரும் மறக்கவில்லை. கண்ணம்பாடி அணைக்குப் பக்கத்தில் இருக்கும் மைசூரில் தமிழர்கள் அப்போது அடக்கித்தான் பேசினார்கள்.

டி.வி. முன்னால்

மைசூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தமிழர் வீட்டிலும் அன்று டி.வி. ஓடியது. அவர் பிறந்தது வியாசர்பாடி. சென்னை அணியில் ஆடிய தனபால் கணேசும் வியாசர்பாடிப் பிள்ளை. அரை இறுதியில் கோவாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டவர். ‘நம்ம பேட்டைப் பையன்’ என்ற பெருமை அவருக்கு. மகனோ மைசூரில் பிறந்து கன்னடப் பள்ளியில் படித்தவன். அவனுக்கு சுனில் சேத்ரிதான் எல்லாம்.

9-வது நிமிடத்தில் சேத்ரி பாய்ந்து, தலையால் முட்டி கோல் போட்டார். மகன் துள்ளினான். தெருவில் வெடிச் சத்தம். அப்பா பேசவில்லை.

17-வது நிமிடத்தில் கிரிகோரி நெல்சன் கார்னர் அடித்தார். பிரேசில் வீரர் மெயில்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டினார். கோல்! அப்பா எழுந்து கத்த வாயெடுத்தார். “மெதுவா, பக்கத்து வீட்டுல கேக்கும்” என்றார் மனைவி. கத்த வந்தவர் தொடையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இடைவேளைக்குச் சற்று முன் அதே நெல்சன், அதே கார்னர், அதே மெயில்சன். 67-வது நிமிடத்தில் ரபேல் அகஸ்டோ மூன்றாவது கோலைப் போட்டார். கடைசி நேரத்தில் மிக்கு ஒரு கோல் திருப்பினார், போதவில்லை. சென்னை 3, பெங்களூர் 2. சென்னைக்கு இரண்டாவது கோப்பை.

யாருக்கு நியாயம்?

மகன் கண் கலங்கிக் கேட்டான்: “லீக்ல 40 பாயிண்டு எடுத்து முதல்ல வந்தது நாங்க. நீங்க 32. எட்டுப் பாயிண்டு கம்மி. கப்பு உங்களுக்கா?”

அவன் கேட்டதிலும் நியாயம் உண்டு. 18 ஆட்டங்களில் உழைத்து முதல் இடம் பிடித்த அணி, ஒரு ராத்திரியில் எல்லாவற்றையும் இழக்கிறது. லீகில் முதலிடம் பெறும் அணிக்குத் தனிக் கேடயம் தரும் வழக்கம் அதன் பிறகு, 2019-20-ல்தான் வந்தது. ஆனால் அப்பாவைச் சுட்டது அந்தக் கேள்வி அல்ல. ‘நாங்க, நீங்க’ என்று மகன் பிரித்த சொல்தான்.

மறுநாள் யுகாதி. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் வேம்பும் வெல்லமும் கொண்டு வந்தார். “நம்ம பெங்களூரு தோத்துப் போச்சு. ஆனா உங்க சென்னை நல்லா ஆடுச்சு சார்!” என்று சிரித்தார். ராத்திரி முழுக்க வாயை மூடியிருந்தவருக்கு அப்போதுதான் வாய் திறந்தது. மெயில்சன் முட்டிய இரண்டு கோலையும் வாசலில் நின்றபடியே நடித்துக் காட்டினார்.

எல்லா ஆட்டமும் இப்படி முடிவதில்லை. அடுத்த மாதமே, ஏப்ரல் 10-ந் தேதி, சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. காவிரிப் போராட்டத்தால் சென்னையில் நடக்க வேண்டிய மற்ற ஆட்டங்கள் புனேவுக்குப் போயின.

சரியாக ஓராண்டு கழித்து, 2019 மார்ச் 17-ந் தேதி, மும்பையில் கோவாவை 1-0 என வென்று பெங்களூர் முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அன்று மகனைவிடச் சத்தமாகக் கை தட்டியவர் அப்பா. “நாம ஜெயிச்சுட்டோம்டா!” என்றார்.