கொடையும் நஞ்சும்

ஐரோப்பிய மொழிகளைக் கற்கப் புகுவோரை ஏமாற்றும் சொற்கள் பல உள. வடிவத்தால் அவை உடன்பிறந்தவை போலத் தோன்றும். பொருளாலோ ஒன்றையொன்று முகம்பாரா. ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இடையே வழங்கும் இத்தகைய சொற்களைத் தொகுத்து 1928 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட கோஸ்லர், டெரோகினி என்னும் இருவர், அவற்றுக்குப் 'பொய் நண்பர்கள்' என்று பெயரிட்டனர். அந்நண்பர் கூட்டத்திலே என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்த சொல் 'கிப்ட்' என்பதாகும்.

ஆங்கிலத்தில் கிப்ட் என்றால் அன்பளிப்பு. அதே எழுத்துக்களாலான சொல்லை ஜேர்மனியிலே ஒரு போத்தலின்மேற் கண்டால் விலகி நிற்க வேண்டும்; அங்கே அதற்கு நஞ்சு என்பது பொருள். சுவீடன், டென்மார்க், நோர்வே ஆகிய நாடுகளின் மொழிகளைப் பார்த்தாலோ வியப்பு இரட்டிக்கும். அங்கெல்லாம் இச்சொல்லுக்கு நஞ்சு என்றும் பொருள் உண்டு; மணமானவர் என்றும் பொருள் உண்டு. இல்லறத்தைப் பற்றிய வேடிக்கைப் பேச்சுக்கு அந்நாட்டவர்க்கு வேறு துணை வேண்டியதில்லை!

இவை தற்செயலாக ஒத்துவந்த சொற்கள் அல்ல. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே; அது கொடுத்தல். கொடுக்கப்படுவது கொடை. பெண்ணைக் கொடுப்பது மணம். நாமும் 'மகளைக் கட்டிக் கொடுத்தோம்' என்றுதானே சொல்கிறோம்? பழைய ஆங்கிலத்திலும் இச்சொல் பெண்ணுக்காகக் கொடுக்கும் பரிசத்தையும், பன்மையில் திருமணத்தையும் குறித்தது. இவை எளிதில் விளங்குகின்றன. ஆயின் நஞ்சு எங்ஙனம் கொடையாயிற்று?

இதற்கு விடை வைத்தியரிடம் இருக்கிறது. கிரேக்க மொழியில் 'டோசிஸ்' என்றால் கொடுத்தல். வைத்தியர் ஒரு முறை கொடுக்கும் மருந்தின் அளவையும் அது குறித்தது. இலத்தீன் வழியாக வந்த அச்சொல்லை ஜேர்மானியர் தம் மொழியிலே 'கிப்ட்' என்று பெயர்த்துக்கொண்டனர். பின்னர், கொல்வதற்குக் கொடுப்பதையும் வாய்கூசி அப்பெயராலேயே சுட்டினர். பிரெஞ்சு மொழியிலும் இதனை ஒத்ததொன்று நிகழ்ந்தது. பானத்தைக் குறித்த 'பொத்தியோ' என்னும் இலத்தீன் சொல்லே அங்கு நஞ்சைக் குறிக்கும் 'புவாசோன்' ஆயிற்று. செத்தாரைத் துஞ்சினார் என்னும் நம் மங்கல வழக்கோடு இவற்றை ஒப்பிடலாம்.

மென்மையான பெயர் சூட்டியதால் நஞ்சு மென்மையடைந்ததா? இல்லை, பெயரே நஞ்சாயிற்று. கொடை என்னும் பழைய பொருள் ஜேர்மன் மொழியிலே மெல்ல மெல்ல வழக்கிழந்தது. இன்று அது பொதுவழக்கில் எஞ்சி நிற்பது 'மிட்கிப்ட்' என்னும் கூட்டுச் சொல்லிலேதான். அதன் பொருள் சீதனம். சீதனத்தின் பெயருக்குள் நஞ்சின் பெயர் இருப்பது பொருத்தமே என்று பெண்ணைப் பெற்ற நம்மவர் பலர் சொல்லக்கூடும். ஒல்லாந்தரோ ஓரெழுத்தால் இரண்டையும் பிரித்துக்கொண்டனர். ஈற்றிலே டகரம் நின்றால் நன்கொடை, நீங்கினால் நஞ்சு.

இதனை அயல்நாட்டு வேடிக்கையென்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. நம் கமக்காரர் பயிருக்குத் தெளிக்கும் கொடிய நஞ்சை நாம் எப்பெயரால் அழைக்கிறோம்? 'மருந்து' என்கிறோம். எலியைக் கொல்வதும் மருந்து. காய்ச்சலைத் தீர்ப்பதும் மருந்து. வைத்தியர் கொடுப்பதன் பெயரைக் கொல்வதற்கும் வைத்த ஜேர்மானியரின் வழியிலேதான் நாமும் நடந்திருக்கிறோம். வளர்ந்தவர்க்கு இடமறிந்து பொருள்கொள்ளத் தெரியும். வீட்டுக் கோடியில் வைத்த போத்தலை 'மருந்து' என்றே கேட்டு வளரும் குழந்தைக்கு அது தெரியுமா? கடையிலும் வயலிலும் வீட்டிலும் நஞ்சை நஞ்சு என்றே சொல்லிப் பழகுவோமாயின், நமக்கு நட்டமொன்றுமில்லை. அக்குழந்தைக்கு அது பெருங் காவலாகும்.