வௌவால் எலிச் சாதியா?

கொழும்புக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள், பெரிய வீடுகளில் வளர்க்கும் ஹாம்ஸ்டர் என்ற பிராணியைப் பற்றிச் சொல்லுவார்கள். "எலி மாதிரிதான், கூட்டுக்குள்ள சக்கரத்துல ஓடிக்கிட்டே இருக்கும்" என்பார்கள். அதைக் கேட்கும் பிள்ளைகள், "அப்ப வௌவாலும் றெக்க வச்ச எலிதானே?" என்று கேட்பதுண்டு. பெரியவர்களிலும் பலருக்கு இதே எண்ணம்தான்.

ஹாம்ஸ்டர் எலிச் சாதிதான். சிரியா நாட்டுப் பிராணி. தானியத்தைக் கன்னப் பைக்குள் அடைத்துக்கொண்டு வளைக்கு ஓடும். வௌவால் அந்தச் சாதியே இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், எலிக்குக் கிட்டிய சொந்தம் வௌவால் அல்ல, மனிதர்களாகிய நாம்தான்! வௌவாலுக்கு நாயும் மாடும் குதிரையுமே கிட்டிய சொந்தம். பேராதனைப் பூங்காவில் தொங்கும் பழந்தின்னி வௌவாலின் முகத்தைப் பாருங்கள், நரிதான் ஞாபகத்துக்கு வரும்.

பெரிய வித்தியாசம் பிள்ளைப்பேற்றில் இருக்கிறது. ஹாம்ஸ்டருக்கு 16 நாள்தான் சினை. ஒரு ஈற்றில் எட்டுப் பத்துக் குட்டி. அந்தக் குட்டிகளும் இரண்டு மாதத்துக்குள் சினைப்படும். 1930இல் அலெப்போவுக்குக் கிட்டப் பிடித்த ஒரு தாயும் குட்டிகளும்தான், இன்று உலகமெங்கும் கூடுகளில் இருக்கும் ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம்.

பழந்தின்னி வௌவாலுக்கோ ஏறக்குறைய ஐந்து மாதச் சினை. வருடத்துக்கு ஒரே ஒரு குட்டி. பிறந்த குட்டி தாயின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சில வாரம் பறக்கும். ஹாம்ஸ்டருக்கு ஆயுசு இரண்டு மூன்று வருடம். கூட்டில் வளர்த்த பழந்தின்னி வௌவால் 30 வருடத்துக்கு மேலும் இருந்திருக்கிறது.

பத்து எலியை அடித்தாலும் கொஞ்ச நாளில் பத்து வந்துவிடும். கொய்யா மரத்துக்கு வந்த தாய் வௌவாலைக் கல்லால் அடித்தால் குட்டியும் சேர்ந்து சாகும். அந்தக் கணக்கு நிரம்ப வருடக்கணக்கு ஆகும். அத்தி, ஆல் விதைகளைக் கொண்டுபோய்ப் போடுவதும், இலவமரப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதும் இதுதான். பழம் போகுதே என்றால், பழுக்குமுன் பழைய துணியால் கட்டி மூடிவிடுங்கள்.

கல்லடி பட்டுக் கீழே விழுந்த வௌவாலைப் பிள்ளைகள் வெறுங்கையால் தூக்க விடாதீர்கள். வௌவால் கடியாலும் விசர்நோய் வரலாம். கடித்தால் உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சின்னக் காயம்தானே என்று மஞ்சளை அப்பிவிட்டு இருக்க வேண்டாம்.